புது வீட்டுக்கு வந்ததும் ஏன் இந்த இருமல்?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அதே மனையில் கான்கிரீட் வீடு கட்டிக் குடிபோய் எட்டு மாதம் ஆகிறது. அன்று முதல் வீட்டில் ஒருவருக்கும் உடம்பு சரியில்லை. அம்மாவுக்கு விடாத இருமல். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்போதும் மூக்கடைப்பு. இவருக்கும் மனைவிக்கும் காலையில் எழுந்தால் தலைபாரம். தோட்டத்துக்குப் போன ஒரு மணி நேரத்தில் அது தெளிந்துவிடுகிறது. அம்மாவின் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வாஸ்து பார்ப்பவர் பின்வாசலை அடைத்து வேறு பக்கம் வைக்கச் சொல்கிறார். "பழைய வீட்டில் நாற்பது வருஷம் இல்லாத சீக்கு புது வீட்டில் எப்படி வந்தது? வீட்டுக்கும் உடம்புக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா?" இதுதான் கேள்வி.

உண்டு தம்பி, நிறையவே உண்டு. நான் டாக்டர் இல்லை. சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பும் பின்பும் பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை என்று இரண்டு பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். காய்ச்சல் கண்டவர்களிடம் ரத்தத் தடவல் எடுக்கவும், தொட்டியில் கொசுப்புழு பார்க்கவும் வீடு வீடாக நுழைவதுதான் எங்கள் வேலை. வாசலில் நின்று பேசிவிட்டு வருகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று, சமையலறை வரைக்கும் போகிறவனுக்குத் தெரியும். நீங்கள் எழுதியதையும், தொடர்ந்து நான் கேட்டவற்றுக்கு நீங்கள் சொன்ன பதில்களையும் வைத்துப் பார்த்தால், உங்கள் வீட்டில் மாறியது கட்டடம் மட்டும்தான். அடுப்பு, கொசுவர்த்தி, கதவைச் சாத்தும் பழக்கம் எல்லாம் பழைய வீட்டிலிருந்து அப்படியே வந்திருக்கின்றன. அந்த வீடு தாங்கிக்கொண்டதை இந்த வீடு தாங்கவில்லை.

ஓட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஜன்னல் சின்னதுதான், சில அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இடுக்கு. சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்தில் கை நுழையும் அளவு இடைவெளி. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும். சூடான காற்றும் புகையும் தானாக மேலே ஏறி ஓட்டிடுக்கில் கசிந்துவிடும், கீழே புதுக் காற்று வரும். மார்கழி விடியலில் தூரத்திலிருந்து பார்த்தால் கூரை முழுக்கப் புகை எழுவது தெரியும். யாரும் திறக்காமல், யாரும் நினைக்காமல், வீடு நாள் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அதற்காகப் பழைய வீடு சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். என் அம்மா அப்படி ஒரு வீட்டில்தான் முப்பது வருஷம் ஊதுகுழலை வாயில் வைத்து அடுப்பூதினார். பீடியைக் கையால் தொடாதவருக்குக் கடைசிக் காலத்தில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. புகைக்கிற பழக்கமே இல்லாத பெண்களுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு விறகுப் புகை ஒரு பெரிய காரணம். வீட்டுக்குள் எரிக்கும் விறகு, வரட்டி, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதனால் பழைய வீட்டிலும் சீக்கு இருந்திருக்கும்; மெதுவாக வந்ததால் வயசாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது புது வீட்டுக்கு வருவோம். சமைப்பது கேஸ் அடுப்பில், சரி. ஆனால் குளிக்க வெந்நீர் அடுப்பு இருக்கிறது. மல்பெரிக் குச்சி சும்மா கிடைக்கிறது, நீங்கள் வளர்க்கும் பட்டுப்புழு தழையைத் தின்றுவிட்டுப் போட்ட குச்சியை எரிக்காமல் என்ன செய்வது என்கிறீர்கள். நியாயம்தான். பழைய வீட்டில் அந்த அடுப்பு கொல்லையில், வெட்டவெளியில் இருந்தது. புது வீட்டில் பின்பக்கம் ஷீட் போட்டு, கிரில் வைத்து, குரங்கு வருகிறது என்று பாதிக்கு மேல் அடைத்து, அதற்குள் அடுப்பு. அங்கிருந்து ஒரு வாசல் சமையலறைக்கு. வாஸ்துக்காரர் அடைக்கச் சொல்கிற அதே வாசல்.

நீங்கள் அனுப்பிய படத்தில் சமையலறைச் சுவரில் புகைபோக்கி விசிறி இருக்கிறது. காலையில் அம்மா தண்ணீர் காய வைக்கும்போதே உங்கள் மனைவி சமையலுக்காக அந்த விசிறியைப் போடுகிறார். குளிர் என்று முன்பக்க ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். திறந்திருப்பது பின்வாசல் ஒன்றுதான். ஆக, அந்த விசிறி வெந்நீர் அடுப்புப் புகையைத்தான் வீட்டுக்குள் இழுக்கிறது. புகை போகட்டும் என்று வைத்தது புகையைக் கொண்டு வருகிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நாளைக் காலையில் நீங்களே பாருங்கள். விசிறி ஓடும்போது ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திப் பின்வாசல் நிலையருகே பிடியுங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பிறகு கூடத்து ஜன்னல் இரண்டையும் திறந்து, பின்வாசலைச் சாத்திவிட்டு, ஜன்னலோரம் அதையே செய்து பாருங்கள். காற்று எந்த வழியாக வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பல வீடுகளில் நான் இந்த வேலையைச் செய்து காட்டியிருக்கிறேன். பத்து நிமிடம் பேசிப் புரியாதது ஒரு வத்தியில் புரிந்துவிடும்.

விறகுப் புகையில் கண்ணை எரிப்பதைவிடக் கண்ணுக்குத் தெரியாதது மோசம். பி.எம். 2.5 என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்த நுண்துகள் ஒரு தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். மூக்கு முடியில் சிக்காது, இருமினால் வராது, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கும். ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இது 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு. விறகு எரியும் அடைத்த சமையலறையில் அது நூற்றுக்கணக்கில் போவது சாதாரணம். அதிலும் ஈரக் குச்சி என்றால் இன்னும் மோசம். அதனால் அடுப்பைப் பழையபடி ஷீட்டுக்கு வெளியே எடுத்து வையுங்கள். குச்சியை ஒரு மாதமாவது வெயிலில் காயவிட்டு எரியுங்கள். செலவு செய்ய முடிந்தால் மொட்டை மாடியில் சூரிய வெப்பத் தண்ணீர்த் தொட்டி வைப்பது இன்னும் நல்லது. நம் பக்கம் வருஷத்தில் பெரும்பாலான நாள் வெயிலுக்குக் குறைவில்லை.

அடுப்புக்குப் பதிலாகக் குளியலறைக்குள் கேஸ் கீசர் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். குளியலறைக்குள் வைக்கவே வேண்டாம். அடைத்த இடத்தில் கேஸ் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். குளிக்கப் போனவர் உள்ளேயே மயங்கி விழுந்து, கதவை உடைத்து எடுக்க வேண்டியிருக்கும். வைப்பதென்றால் கருவி வெளிச் சுவரில் திறந்த வெளியில் இருக்க வேண்டும், குழாய் மட்டும் உள்ளே வரலாம். இதே காரணத்துக்காக ஓசூர், தளி, அஞ்செட்டி மலைப் பக்கத்தில் டிசம்பர் குளிருக்குச் சட்டியில் கரித் தணல் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பதையும் தயவு செய்து நிறுத்துங்கள். காலையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி தலைவலி, குமட்டல், வெளியே வந்தால் தெளிகிறது என்றால் முதலில் இந்த வாயுவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் தலைபாரத்துக்கு அந்த அளவு பயப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் இரவில் உங்கள் அறையில் எதுவும் எரிவதில்லை. ஆனால் கதவு, ஜன்னல் சாத்தி ஏசி போட்டு மூன்று பேர் எட்டு மணி நேரம் தூங்குகிறீர்கள். சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. அறைக் காற்றையே இழுத்து, குளிர வைத்து, திருப்பி விடுகிறது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு சுமார் 420 பங்கு. அடைத்த அறையில் மூன்று பேர் விடிய விடிய மூச்சு விட்டால் அது 2,000-ஐத் தாண்டிவிடும். ஆபத்தில்லை, ஆனால் காலையில் தலை கனக்கும், தூங்கியும் தூங்காத மாதிரி இருக்கும். ஜன்னலில் வலை அடித்து, ஏசி ஓடினாலும் இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். கரண்ட் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. நம் ஊரில் மாசி பிறக்கும் வரை ராத்திரிக்கு ஏசி எதற்கு என்றும் எனக்குத் தோன்றுகிறது.

இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. புழு வளர்ப்பு மனையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி சூடும் 85 சதவீத ஈரமும் வைக்கிறீர்கள். நாலாம், ஐந்தாம் பருவம் வந்ததும் 24, 25 டிகிரிக்கும் 70 சதவீத ஈரத்துக்கும் இறக்கி, ஜன்னலை எல்லாம் திறந்து காற்றோட விடுகிறீர்கள். அப்போது மனையை மூடி வைத்தால் புழு நோய் பிடித்துக் கூடு கட்டாமல் போகும் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மனைச் சுவரில் ஈரமானி தொங்குகிறது. வீட்டில் அம்மா படுக்கும் அறையில் எவ்வளவு ஈரம் என்று யாராவது பார்த்தோமா? அந்த ஈரமானியை ஒரு வாரம் வீட்டுக்குள் கொண்டு வந்து மாட்டுங்கள். நமக்கு 40 முதல் 60 சதவீதம் நல்லது. அதற்கு மேலேயே நின்றால் பூசணமும், தலையணை மெத்தையில் வாழும் தூசிப் பூச்சியும் பெருகும்.

பிள்ளையின் மூக்கடைப்புக்கு அங்கேதான் தேடுவேன். புதுக் கான்கிரீட்டிலும் பூச்சிலும் குடித்த தண்ணீர் முழுதாகக் காய ஒரு வருஷம்கூட ஆகலாம். நல்ல நாள் பார்த்துக் குடிபோகும் அவசரத்தில் ஈரம் காய்வதற்குள் பெயிண்ட் அடித்து, சுவரோடு ஒட்டி அலமாரி வைத்துவிடுகிறோம். அலமாரியை ஒரு சாண் இழுத்துப் பின்னால் பாருங்கள். கறுப்புப் புள்ளியோ மண்வாசனையோ இருந்தால் பூசணம்தான். அதன் மேலேயே பெயிண்ட் அடிக்க வேண்டாம். எங்கே தண்ணீர் கசிகிறது என்று பார்த்து அடைத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். மழை நாளில் ஈரத் துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுவதையும் விட்டுவிடுங்கள். ஒரு குடும்பத்தின் துணியிலிருந்து லிட்டர் கணக்கில் தண்ணீர் அறைக் காற்றில்தான் கலக்கிறது. தலையணையைப் பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு மாடியில் உச்சி வெயிலில் போடுங்கள்.

புது ப்ளைவுட் அலமாரி வாசனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புழு மனையில் கிருமி சாக ஃபார்மலின் அடிக்கும்போது கண்ணும் தொண்டையும் எரியுமே, அதில் இருக்கும் அதே ஃபார்மால்டிஹைடுதான் ப்ளைவுட் பசையிலிருந்தும் சிறுகச் சிறுக வருகிறது. முதல் வருஷம்தான் அதிகம். காற்றோட்டம் இருந்தால் போய்விடும். ஆனால் மனைக்கு அடிக்கும் ஃபார்மலின் கேனை வீட்டுப் பரணில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதை இன்றைக்கே வெளிக் கொட்டகைக்கு மாற்றி, பிள்ளை கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

அடுத்தது அம்மா அறையின் கொசுவர்த்தி. மலேசியா, சீனா கொசுவர்த்திகளை எரித்துப் பார்த்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமமான நுண்துகள் வருகிறது என்று கண்டார்கள். பீடி பிடிக்கிற பழக்கமில்லாத அம்மா, ஜன்னல் சாத்திய அறையில் கட்டிலுக்கடியில் சுருளை வைத்து இரவு முழுதும் அதைச் சுவாசிக்கிறார். எனக்கு இதில் ஆறவே இல்லை, ஏனென்றால் கொசுவலை என்கிற எளிய சாமான் எல்லாக் கடையிலும் இருக்கிறது. வலைக்குள் மூச்சு முட்டுகிறது என்பார், இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். அப்புறம் கொசு எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரத்தில் ஒரு நாள் டிரம், தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் காலி செய்து தேய்த்துக் கவிழ்த்தால் அந்தச் சுற்று அறுந்துவிடும். வெறுமனே கொட்டினால் போதாது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தேய்க்க வேண்டும். முப்பது வருஷம் நான் வீட்டுக்கு வீடு சொன்னது இதைத்தான்.

காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். நம் மாவட்டத்தில் தண்ணீரைச் சொல்லாமல் விட்டால் அது தப்பு. வீடு கட்டும்போது புதிதாக போர் போட்டு, சமையலறைக் குழாய் வரை இணைத்திருக்கிறீர்கள். குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணீர் பிடிக்கிறீர்கள், சமைப்பது போர் தண்ணீரில். பழைய வீட்டில் தெருக் குழாயில் பிடித்த குடத்திலேயே இரண்டும் நடந்தது. நம் பாறைகளில் உள்ள தாதுக்களிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. மஞ்சள், பழுப்புக் கோடு விழுந்த பல்லும், ஐம்பது வயதிலேயே வளையாத முதுகும் முழங்காலும் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்தில் எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறேன். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ரூ.1,900 கோடிக்கு மேல் செலவு செய்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டு வந்தார்கள், 2013-ல் தொடங்கி வைத்தார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது; ஃபுளோரைடால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் இந்த நோய்தான் ஃபுளோரோசிஸ்.

அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, போர் தண்ணீரில் களி கிண்டினால் பாதிப் பலன் போய்விடுகிறது. களியும் சோறும் உலையில் ஊற்றிய தண்ணீரை அப்படியே குடித்துக்கொள்ளும். குழம்பு, டீ எல்லாம் அப்படியே. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இந்தியத் தரக்கட்டுப்பாட்டின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காதபோது 1.5 வரை. உங்கள் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். பிள்ளைக்கு ஐந்து வயது. எட்டு வயது வரை ஈறுக்குள் நிலைப்பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும், அந்தக் காலத்தில் ஏறும் கறை பிறகு போகாது. சோதனை முடிவு வரும்வரை சமையலுக்கும் ஒகேனக்கல் தண்ணீரே இருக்கட்டும். போரை குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சின்னச் சின்ன விஷயங்கள் உண்டு. அம்மா முன்பு தண்ணீருக்கு, ஆட்டுக்கு, கழிப்பறைக்கு என்று ஒரு நாளில் இருபது தடவையாவது வெளியே போய் வந்திருப்பார். இப்போது எல்லாம் உள்ளேயே. வெயில் படுவதில்லை, நடப்பதுமில்லை. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது, வெளியே போய் உட்கார வேண்டும். குளியலறையில் போட்டிருக்கும் வழவழப்பான டைல்ஸ் எனக்குப் பயமாக இருக்கிறது. அறுபது வயதுக்கு மேல் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த மனிதர் பழையபடி எழுந்து நடப்பது கஷ்டம். சொரசொரப்பான மிதியடியும் சுவரில் ஒரு கைப்பிடியும் இந்த வாரமே வைத்துவிடுங்கள்.

அம்மாவின் இருமலை இதோடு விட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோயா என்று பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும், இலவசம்தான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ஆஸ்துமாவும் ஆரம்ப நிலை மூச்சுக்குழாய் அடைப்பும் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் வேகத்தை அளக்கும் சோதனை இருக்கிறது, அதை டாக்டரிடம் கேளுங்கள். அம்மா புழு மனையில் கூடு பிரிக்கிற வேலையும் செய்கிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பட்டுப்பூச்சியின் செதில் தூசியே சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும்.

வாஸ்துக்காரர் சொன்ன பின்வாசல் விஷயம் உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் சுவரை உடைக்கச் செலவு செய்வதற்கு முன் ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள்: அடுப்பு வெளியே, கொசுவர்த்திக்குப் பதில் வலை, படுக்கையறை ஜன்னல் இரண்டு விரல் திறப்பு, சமையலுக்கு ஒகேனக்கல் தண்ணீர். அம்மா இரவில் எத்தனை தடவை இருமி எழுகிறார் என்று காலண்டரில் குறித்து வாருங்கள். சளிப் பரிசோதனைக்கு மட்டும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போய்விடுங்கள்.

தை பிறந்ததும் மாடியில் அம்மாவுக்கென்று ஓர் அறை போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் அவரை மாடிக்கு அனுப்ப வேண்டாம், நீங்கள் மேலே போங்கள், கீழறையை அவருக்கு விடுங்கள். மேலே கட்டும் அறைக்கு ஜன்னலை ஒரே சுவரில் வைக்காமல் எதிரெதிர்ச் சுவரில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து திறப்பு தரையளவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. கூரையையொட்டிச் சுவரில் இரண்டு காற்றுத் துவாரமும் விடச் சொல்லுங்கள், வலை போட்டுக்கொள்ளலாம். மேஸ்திரி அது பழைய காலத்து வேலை என்பார். பூச்சு வேலைக்கு முன்பே நீங்கள் நேரில் நின்று அந்த ஓட்டையை விட வைத்துவிடுங்கள், பிறகு கேட்டால் சுவரை உடைக்க மாட்டார்.